ஒரு நிமிடம் ஐம்பது வினாடி

தன் வேலை என்ன என்று ஒருவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிடும். "சினிமாவில் இருக்கேன்" என்றால் "நடிக்கிறீங்களா?" என்று ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, இருக்காது என்று தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள். விஷயம் இதுதான். கண் தெரியாதவர்களும் படம் பார்க்கிறார்கள். வசனம் அவர்கள் காதில் விழுந்துவிடும். வசனம் இல்லாத இடத்தில் திரையில் நடப்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்? அந்த யாராவது இவன்தான். 'அவள் கதவைத் திறக்கிறாள். உள்ளே யாரும் இல்லை. மேசையில் ஒரு கடிதம்.' எழுதுவதும் இவன், ஒலிப்பதிவு அறைக்குள் போய்ப் பேசுவதும் இவன். தியேட்டரில் காதை மூடுகிற பெரிய ஹெட்போன் கொடுப்பார்கள். படத்தின் சத்தமும் இவன் குரலும் சேர்ந்து அதில் வரும். பன்னிரண்டு வருடத்தில் முந்நூறு படத்துக்கு மேல் சொல்லியிருக்கிறான்.

தொழில் என்றால் தொழில் செய்கிற இடத்தோடு நின்றுகொள்ள வேண்டும். இது வீடுவரைக்கும் கூடவே வந்தது. காலையில் பல் துலக்கினால் மண்டைக்குள் அதே குரல்: 'அவன் பல் துலக்குகிறான். கண்ணாடியில் நாற்பத்தாறு வயது முகம். தாடையில் சவரக்கத்தி விட்டுப்போன இடம்.' பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் அதையும் சொல்லும். ஒரு துக்க வீட்டுக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். 'மூத்த மகன் மூக்கைச் சிந்துகிறான். கைக்குட்டை இல்லை' என்றது குரல். அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஒரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, கனவிலும் குரல் வந்தது. அதற்கப்புறம்தான் ஜென் தியானம். நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்த இரண்டு நாள் பயிற்சி, அவ்வளவுதான் அவனுடைய கல்வி. பயிற்சி கொடுத்தவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். பேச்சும் அளந்துதான் வந்தது. "சுவரைப் பார்த்து உட்காருங்க. கண்ணைப் பாதி மூடுங்க. மூச்சை ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க. நடுவுல நினைப்பு வந்தா திட்டாதீங்க, மறுபடி ஒண்ணுக்கு வாங்க."

அவன் ஒண்டிக்கட்டை. கேட்க ஆளில்லை. இரண்டு தலையணையை மடித்துப் போட்டுத் தினமும் காலை ஆறு மணிக்குச் சுவர் முன்னால் உட்கார ஆரம்பித்தான். சமையலறைக் கடிகாரத்தில் முப்பது நிமிடம் முடுக்கி வைத்துக்கொள்வான். முதல் நாலு மாதம் நாலைத் தாண்டவில்லை. 'அவன் மூச்சை எண்ணுகிறான், மூன்று' என்று குரல் கூடவே எண்ணியது. சுவரில் ஒரு ஈரக்கறை ஒட்டகம் மாதிரி தெரியும். ஒட்டகம் எங்கே போகிறது, மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் கதை ஓடும். ஏழாவது மாதம் ஒட்டகம் போய்க் கறை மட்டும் மிஞ்சியது. பதினோராவது மாதம் ஒருநாள் எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்து முடித்தபிறகுதான் உறைத்தது, குரல் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி சட்டென்று நின்ற மாதிரி இருந்தது. அன்றைக்கு அவன் சந்தோஷத்தில் ஆபீசுக்கு நடந்தே போனான்.

இதெல்லாம் நல்லதுதான். தொல்லை எங்கே ஆரம்பித்தது என்றால், சனிக்கிழமைகளில்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவன் அக்கா வீட்டுக்குப் போவான். அக்கா அவனைவிட எட்டு வயது மூத்தவள், கணக்கு டீச்சராக இருந்தவள். கண்ணில் நீரழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு, ஆறு வருடம் முன்னால் வேலையை விட்டாள். கணவர் இறந்துவிட்டார், மகளோடு இருக்கிறாள். மகள் வங்கி வேலைக்குப் போய்விடுவதால் பகலில் தனி. இவன் மடிக்கணினியில் படத்தை ஓட்டி, தான் எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பான். அவள் கேட்பாள், பிடிக்காத இடத்தில் விரலைச் சொடுக்குவாள். ஸ்டூடியோவில் எந்த அதிகாரிக்கும் இல்லாத அதிகாரம் அந்தச் சொடுக்குக்கு இருந்தது.

சின்ன வயதில் நிலைமை தலைகீழ். அவனைப் படத்துக்குக் கூட்டிப்போகிறவள் அக்காதான். சண்டைக் காட்சி வந்தால் இவன் கண்ணைப் பொத்திக்கொள்வான், அவள் காதில் சொல்வாள். கத்திக்குத்து வாங்கிக் கிடக்கிறவனைப் பற்றி, "ஒண்ணுமில்லடா, களைச்சுப்போய்ப் படுத்திருக்கான்" என்று கூசாமல் சொல்வாள். அந்தப் பொய்களையெல்லாம் நம்பித்தான் அவன் சினிமாவை விரும்பவே ஆரம்பித்தான்.

அப்படிப்பட்டவளிடம் இவன், 'அவன் கோபமாகப் பார்க்கிறான்' என்று ஒருமுறை வாசித்தபோது சொடுக்கு விழுந்தது. "என்ன கோபம்? வாத்தியார் கோபமா, புருஷன் கோபமா?" அவன் திருத்தி எழுதினான். அந்த மாதிரி நூறு திருத்தம். அவன் தொழிலில் பெயர் வாங்கியதில் பாதி அக்காவுடையது. இதை அவனும் ஒத்துக்கொள்வான், ஆனால் வெளியில் சொன்னதில்லை.

குரல் நின்ற பிறகு அவன் எழுத்து மெலிய ஆரம்பித்தது. 'மேசை. நாற்காலி. ஒருவன் நிற்கிறான்.'

"என்னடா இது? வீடு காலி பண்றப்போ சாமான் எண்ணுற மாதிரி இருக்கு."

"இருக்கறதை மட்டும் சொல்றேன் அக்கா. நம்ம நினைப்பைச் சேர்த்தா அது கலப்படம்."

"அவன் எப்படி நிக்கிறான்? திருட வந்தவன் மாதிரியா, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் மாதிரியா?"

"நிக்கிறான். அவ்வளவுதான்."

"உப்பு புளி இல்லாம பத்தியச் சாப்பாடு போடறே. நான் என்ன ஆபரேஷன் ஆனவளா?"

அவன் சிரித்து மழுப்பினான். உள்ளுக்குள் என்னவோ, அக்காவுக்கு இந்த உயரம் எட்டவில்லை என்று ஒரு நினைப்பு. தினமும் முப்பது நிமிடம் சுவரைப் பார்த்ததில் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. சுவர் அதைச் சுட்டிக்காட்டாது இல்லையா?

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. இருபது வருடம் தனியாகச் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை நடத்திய ஒரு பெண். ஓடிப்போன கணவன் திரும்பி வருகிறான். அவனைப் பஸ் நிலையத்திலேயே பார்த்துப் பேசி அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் பஸ் ஏறுகிறாள். கடைசிக் காட்சி ஜன்னலோரம் அவள் முகம். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி, வேறு எதுவும் இல்லை. பஸ் ஓடுகிற சத்தத்தைக்கூட டைரக்டர் எடுத்துவிட்டார். பாதிப் பேர் அவள் அழுகிறாள் என்றார்கள், பாதிப் பேர் சிரிக்கிறாள் என்றார்கள்.

அவன் அந்தக் காட்சியை நாற்பது தடவை பார்த்தான். என்ன எழுதினாலும் பொய்யாகப் பட்டது. கடைசியில் 'ஜன்னலோரம் அவள் முகம்' என்று எழுதி, அதற்குக் கீழே எதுவும் எழுதாமல் விட்டான். அக்காவிடம் வாசித்துக் காட்டியிருந்தால் அங்கேயே சொடுக்கு விழுந்திருக்கும். ஆனால் அவள் அந்த மாதம் தொடர்ந்து இரண்டு சனிக்கிழமை, "தலைவலிடா, வராதே" என்று சொல்லிவிட்டாள். அவனுக்கும் அது வசதியாகவே இருந்தது. அந்த இரண்டு மதியமும் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தான்.

ஒலிப்பதிவுக்காரருக்கு ஸ்டூடியோவில் 'டெசிபல்' என்று பட்டப்பெயர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில் கேட்டார்: "சார், கடைசிப் பக்கம் காணோம். வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"இல்லை. அவ்வளவுதான்."

"ஒண்ணேமுக்கால் நிமிஷத்துக்கு மேல சும்மா போகுதே!"

"சும்மா இல்லை. அதைக் கேட்கட்டும்."

டெசிபல் முப்பது வருடமாகச் சத்தத்தைப் பதிவு பண்ணிச் சம்பளம் வாங்குகிறவர். சத்தமில்லாததையும் பதிவு பண்ணச் சொன்னால் பண்ண வேண்டியதுதான் என்று பொத்தானை அழுத்தினார்.

கண் தெரியாதவர்களுக்கான சிறப்புக் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. அறுபது பேர் வந்திருந்தார்கள், துணைக்கு வந்தவர்கள் தனி. அக்காவை அவன்தான் கூட்டி வந்தான். வழியெல்லாம் அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். படிக்கட்டு புதுசு, அதனால் என்று நினைத்துக்கொண்டான்.

படம் நன்றாகவே போனது. சைக்கிள் கடையில் நடக்கிற கேலிப் பேச்சுக்கு எல்லாரும் சிரித்தார்கள். பஸ் நிலையத்தில் அவள் கணவனிடம், "உன் சாப்பாட்டுக்கு எனக்கு வழி தெரியாது" என்று சொன்னபோது பின்வரிசையில் ஒரு அம்மா, "சபாஷ்" என்றார். பஸ் கிளம்பியது. சத்தம் அடங்கியது. 'ஜன்னலோரம் அவள் முகம்' என்றது அவன் குரல்.

இருபது வினாடிகூட ஆகவில்லை. முன்வரிசைக்காரர் ஹெட்போனைத் தட்டினார். அடுத்தவர் கழற்றி உதறி மறுபடி மாட்டினார். "உங்களுக்கு வருதா?" "எனக்கும் வரல." "பேட்டரி போயிருக்கும்." "யாருங்க அங்கே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்!" ஒருவர் எழுந்தே விட்டார். "கரண்ட் போயிடுச்சா?" என்று ஒரு குரல் கேட்டது, அதற்கு நாலு பேர் சிரித்தார்கள். துணைக்கு வந்த கண் தெரிந்தவர்கள் "உஷ்" என்றார்கள். திரையில் அந்தப் பெண் முகத்தில் என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது. அறுபது பேரும் ஹெட்போனைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அக்கா மட்டும் அசையவில்லை. முதுகு நேராக, இரண்டு கையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக, கண் பாதி மூடி, பயிற்சி கொடுத்த அம்மாள் முதல் நாள் உட்கார்ந்து காட்டிய மாதிரியே இருந்தாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருத்திக்காவது புரிந்ததே என்று நினைத்தான்.

வெளியில் ஸ்டூடியோ மேனேஜர் காத்திருந்தார். "உங்க தியானத்தை வீட்டோட வெச்சுக்குங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த இடத்தைப் பேசிக் கொடுங்க. இல்லேன்னா வேற ஆளை வெச்சுப் பேசிக்கிறேன்." காரில் ஏறியதும் அக்காவிடம் கேட்டான்: "உனக்கு மட்டும் புரிஞ்சதில்ல?"

அவள் வீட்டு வாசலில் இறங்கி, கதவைத் தடவித் திறந்து, உள்ளே போகுமுன் சொன்னாள்: "இனிமே சனிக்கிழமை வராதேடா. எனக்குப் படம் போதும்."

அவனுக்குத் தூக்கி வாரிப் போட்டது. மேனேஜர் திட்டியது ஒரு பக்கம் கிடக்கட்டும், வேலை போனால் வேறு வேலை. அக்கா இல்லாத சனிக்கிழமையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. திங்கள் காலை உட்கார்ந்தான், இரண்டு வரைக்கும் எண்ணினான். செவ்வாய் ஒன்றைத் தாண்டவில்லை. புதன்கிழமை கடிகாரம் அடித்தபோது, அரை மணியும் அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவன் அவள்மேல் கோபமாகவும் இருந்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு மணியை அடித்தான்.

கதவைத் திறந்தவள், "சனிக்கிழமை வராதேன்னா வியாழக்கிழமை வரச் சொல்லி அர்த்தமா?" என்றாள். ஆனால் வழி விட்டாள்.

கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன்?" என்றான். "அந்த முகத்துக்கு வார்த்தை கிடையாது அக்கா. நான் அழுகைன்னு சொன்னா அது என் அழுகை. எதுக்கு உன் தலையில அதைக் கட்டணும்?"

"படம் முடிஞ்சு வெளியே வர்றப்போ கேட்டேன்," என்றாள் அவள். "கண்ணிருக்கறவங்க எல்லாரும் சண்டை போட்டுக்கிட்டு வந்தாங்க. அழுதாள்னு ஒருத்தன், சிரிச்சாள்னு ஒருத்தி. படம் பார்க்கறதுல பாதி சுகமே அந்தச் சண்டைதானேடா. அதுல எனக்கு இடமில்லாமப் பண்ணிட்டே. நீ தப்பா சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. சொல்லியிருந்தா, போடா மடையான்னு உன்னோட மல்லுக்கு நிப்பேன். சொல்லாம விட்டவனோட யாரு சண்டை போடறது?"

அவன் மடிக்கணினியைத் தரையில் வைத்தான்.

"சரி, நீ இருக்கறதை மட்டும் பார்க்கறவன். அன்னிக்கு அந்த ஒண்ணேமுக்கால் நிமிஷமும் என்னைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தேன்? சொல்லு."

"முதுகு நேரா. கை மடியில. கண் பாதி மூடி." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நெஞ்சில் இருந்ததும் கூடவே வந்துவிட்டது. "அமைதியா இருந்தே அக்கா. அத்தனை பேர்ல நீ ஒருத்திதான் அமைதியா இருந்தே."

"அமைதியா," என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. "இத்தனை நாள் எனக்கு ஒரு ஓரத்துல வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியும். தியேட்டர்ல படம் போட்டாச்சான்னு தெரியும். போன மாசம் அதுவும் போயிடுச்சு. அந்த ரெண்டு சனிக்கிழமையும் தலைவலி இல்ல, டாக்டர்கிட்ட போயிருந்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்டயா? 'வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான்'ம்பே. அதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்க்க மாட்டே. கலப்படமாயிடுமே." அவள் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்குத்தான் முழு இருட்டுல முதல் படம். உன் குரல் இருக்கு, போதும்னு உட்கார்ந்திருந்தேன். திடீர்னு நின்னுபோச்சு. படச் சத்தமும் இல்ல, நீயும் இல்ல. எங்கயோ தூரத்துல தண்ணிக்குள்ள இருந்து யாரோ பேசற மாதிரி இரைச்சல். ஹெட்போன் கெட்டுப்போச்சுன்னு மத்தவங்க நெனச்சாங்க. கண்ணு இப்பதானே போச்சு, காதும் போயிடுச்சுன்னு நெனச்சேன்டா நான். அசைஞ்சா அது உறுதியாயிடும்னு கையைக்கூட எடுக்காம உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் நீ பார்த்தே."

ஒரு வருடம் ஒரு சுவரில் ஒட்டகத்தைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டவன், பக்கத்து நாற்காலியில் பயத்தில் உறைந்துபோயிருந்தவளிடம் புத்தரைப் பார்த்துப் பூரித்திருக்கிறான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தான்.

"இப்பவும் பேசாம இருந்தேன்னா அடிச்சிடுவேன்," என்றாள் அக்கா.

"என்ன சொல்லட்டும்?"

"என் மூஞ்சி எப்படி இருக்கு? கேட்டா எல்லாரும் அப்படியேதான் இருக்கேங்கறாங்க. யாரும் பார்க்கறதில்ல போலிருக்கு."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பார்த்தான். எத்தனை மாதம் கழித்து அவள் முகத்தை இப்படிப் பார்க்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"முன்நெத்தி முடி பூரா வெளுத்துப்போச்சு," என்றான். "நெத்தியில மூணு கோடு. நடுக்கோடு ஆழமா இருக்கு. கன்னம் ஒட்டியிருக்கு. சரியா சாப்பிடறதில்ல நீ. உதட்டை உள்பக்கமாக் கடிச்சுக்கிட்டிருக்கே."

"அது கோடு, கன்னம், உதடு. நான் எப்படி இருக்கேன்?"

"கோபமா இருக்கே."

"அது தெரிஞ்சதுதானே."

"கோபத்துக்குக் கீழ..." என்று ஆரம்பித்து, தயங்கி, அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "பயந்துபோயிருக்கே அக்கா. ரொம்பப் பயந்துபோயிருக்கே."

அவள் கடித்திருந்த உதட்டை விட்டாள். பிறகு கையை நீட்டித் துழாவி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "நிறுத்தாதே. மேல சொல்லு."